வெறும் வண்டி பொய் சொல்லும்



"நீ மெக்கானிக்கல் தானே படிக்கிற? வந்து ஒரு வண்டியப் பார்த்துச் சொல்லுடா." இந்த ஃபோன் உங்களுக்கும் ஒருநாள் வரும். எனக்குப் போன செமஸ்டர் லீவுல வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு அடிக்கும் என் மாமா, அத்தையோட நகையை அடகு வைத்து ஒரு பழைய பிக்கப் வாங்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பைபாஸில் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். "சூப்பரா இருக்கு மாமா"ன்னு சொன்னது நான்தான்.

முதல் லோடு கொடைக்கானலுக்கு. மலை ஏறும்போதே கிளட்ச் வழுக்கி, கருகின வாடை வந்துவிட்டது. பட்டறையில் தூக்கிப் பார்த்தால், கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் புதுக் கருப்பு பெயிண்ட்; அதற்கு அடியில் பழைய வெல்டிங். மெக்கானிக் அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "வெறும் வண்டியாவா ஓட்டிப் பார்த்தீங்க?"

பாடமே அந்தக் கேள்விதான். வெறும் வண்டி 1,700 கிலோ, லோடு 1,300 கிலோன்னு வைத்துக்கொள்வோம். மேட்டில் வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை எடைக்கு நேர்விகிதம். லோடு ஏறினதும் அது சுமார் 76 சதவீதம் கூடுகிறது. தேய்ந்த கிளட்ச் முதல் எடையைச் சமாளிக்கும், இரண்டாவதில் வழுக்கிவிடும். பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலும் அதே அளவு கூடும். சேஸிஸ் கதை இன்னும் மோசம். நாம படிச்ச எஸ்-என் வளைவுப்படி, வெல்டிங் இணைப்பில் தகைவு இரண்டு மடங்கானால் ஆயுள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஓவர்லோடு அடித்த வண்டி வெளியே பளபளன்னு இருந்தாலும் உள்ளே கிழடாகியிருக்கும்.

அதனால் இந்த வரிசையில் பாருங்க:

1. குளிர்ந்த இன்ஜின்: போனதும் பானெட்டில் கை வையுங்க. சூடா இருந்தா ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் முழுசா எரியவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பார்க்கணும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால், கூலன்ட் உள்ளே கசிகிறதான்னு சந்தேகப்படுங்க.

2. பேக் கம்ப்ரஷன்: ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்க. குபுகுபுன்னு புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு.

3. சேஸிஸ்: டார்ச்சோடு அடியில் படுங்க. கேபினுக்குப் பின்புறம், ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட் பக்கம் விரிசலோ வெல்டிங்கோ இருக்கான்னு தேடுங்க. ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் காரணம் கேளுங்க.

4. பட்டை, டயர்: பின் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்க. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை, ஒரே உயரம் இருக்கணும். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ ஆக்சிலோ கோணல்.

5. லோடு ஓட்டம்: ஆர்.சி.யில் உள்ள எடைக்குள் மூட்டை ஏற்றி மேட்டில் ஓட்டுங்க. இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறலைன்னா கிளட்ச் போச்சு. பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் கிரவுன் வேலை வைக்கும். லோடோடு பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்குதான்னும் பாருங்க.

6. காகிதம்: சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்க. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீங்க. வண்டிக்கு எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்குமேல் வருஷா வருஷம். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

விற்பவர் லோடு ஏற்றிக் காட்ட மறுத்தால் அதுவே ஒரு பதில்தான். நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

மாமா இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். கிளட்ச் மாற்றி, சேஸிஸுக்கு பலகை வைத்துத் தைத்தாச்சு. அத்தையோட நகை மட்டும் இன்னும் அடகுக் கடையில். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீயும் படிச்சிட்டுதானடா இருக்க"ன்னு சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துது. உங்களுக்கு அந்த ஃபோன் வரும்போது, "சூப்பரா இருக்கு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி லோடு ஏத்தச் சொல்லுங்க.