ஐஸ் மேல் சைக்கிள்: எந்த டயர்?

மாஸ்டர்ஸ் படிக்க பின்லாந்து போகப் போறீங்களா? அங்கே ஔலு நகரத்தில் மைனஸ் 15 டிகிரியிலும் ஜனங்க சைக்கிளில் போவாங்க. 2013-ல் முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு நடந்ததும் அங்கேதான்.

டயர் வாங்கும் முன் ஒரு கேள்வி: ஓட்டப்போறது பனியிலா, ஐஸிலா? இரண்டும் வேற. இறுகின பனிக்கு அகலமான டயரும் குறைவான காற்றும் போதும், டயரின் கட்டைகள் பனியைக் கவ்விக்கும். வழவழ ஐஸில் கவ்வ எதுவும் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் ரப்பரின் உராய்வுக் குணகம் சுமார் 0.7, ஐஸில் 0.1 பக்கம் இறங்கிடும். பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஐஸ் மேல் நீர்ப்படலம் படரும்போது இன்னும் மோசம். அங்கே ஆணி டயர்தான். ஆணி முனை டங்ஸ்டன் கார்பைடா என்று பாருங்க. வெறும் ஸ்டீல் தார் ரோட்டில் சீக்கிரம் மழுங்கிடும்.

பட்ஜெட் ஒரு டயருக்குத்தானா? முன் சக்கரத்தில் போடுங்க. பின் சக்கரம் வழுக்கினா காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினா, யோசிக்கிறதுக்குள்ள தரையில் கிடப்பீங்க.

அடுத்தது காற்று. தெர்மோ வகுப்பில் தூங்கினவங்களுக்காக ஒரு கணக்கு: 20 டிகிரி அறையில் கேஜ் 4 பார் காட்டினா, முழு அழுத்தம் 5 பார். வெளியே மைனஸ் 15. கெல்வினில் போடுங்க: 5 × 258 ÷ 293 = 4.4. கேஜில் 3.4 தான்! பனியில் இந்தக் குறைவு பிடிப்புக்கு உதவும். ஆனா டயர் பக்கவாட்டில் அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே விடாதீங்க, ரிம் அடிபடும்.

புது ஆணி டயரை முதல் 40 கி.மீ. தார் ரோட்டில், திடீர் பிரேக் போடாம ஓட்டுங்க. அப்பதான் ஆணிகள் ரப்பருக்குள் இறுகி உட்காரும்.