பூங்காவின் மணியும் மதுவின் மணியும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (வேதியியல்) மாணவி

முன்னுரை

வீட்டில் இடமில்லாதவருக்கு ஊர் தரும் முற்றமே பூங்கா. முதியவர் நடக்கவும், சிறார் ஆடவும், உழைத்துக் களைத்தவர் சற்றே சாயவும், என்னைப் போன்றோர் படிக்கவும் அது பயன்படுகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஒரே அறை கொண்ட எங்கள் வீட்டில் அம்மாவின் தையல் இயந்திரமும் பாட்டியின் கட்டிலும் போக எஞ்சிய இடத்தில் கரிம வேதியியல் படிப்பது அரிது. ஆகவே நகராட்சிப் பூங்காவே எனக்குப் படிப்பறை. அங்கே மது அருந்துவோர் வந்து அமரத் தொடங்கினால் முதலில் எழுந்து செல்ல வேண்டியவர் யார்? மாணவியரும் சிறாரும் முதியோருமே. எனவே பூங்கா நேரத்தையும், திறந்தவெளியில் மது அருந்துவதையும் பற்றிய விதிகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நம் சட்டம் சொல்வது

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தம் நூலின் 93ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். அரசியலில் அக்கருத்துக்கு இராஜாஜியின் அமைச்சரவை 1937இல் சட்ட வடிவம் தந்தது. சேலம் மாவட்டத்தில் முதலில் மதுவிலக்கு வந்தது. பின்னர் 1971இல் அது தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்தலாயிற்று. ஆயினும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் உயிரோடிருக்கிறது. பொது இடத்தில் போதையில் காணப்படுவது அதன்படி குற்றமே.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 510ஆம் பிரிவு ஒன்றிருந்தது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தருபவருக்கு 24 மணி நேரச் சிறை, அல்லது 10 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றது அது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பத்து ரூபாய் மாறவேயில்லை! 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்தி, சமுதாய சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்தது.

பூங்காக்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பூங்கா நிலம் வேறு பயனுக்குப் போய்விடாமல் தடுப்பது அதன் நோக்கம். திறக்கும் நேரத்தை ஆங்காங்குள்ள நகராட்சிகள் வகுக்கின்றன.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். முதலிற் கண்ட சட்டங்கள் குடித்தவரின் நிலையையும் நடத்தையையும் நோக்குகின்றன. எந்த வேளையில் எந்த இடம் யாருக்கு என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. அவ்விடையைக் கடிகாரத்தைக் கொண்டு தர முயன்ற நாடு ஒன்றுண்டு.

சிங்கப்பூர் தரும் பாடம்

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாப் பகுதியில், தமிழகத்திலிருந்து சென்ற கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி உயிரிழந்தார். அதையொட்டிச் சில நூறு பேர் கலவரத்தில் இறங்கினர், வாகனங்கள் எரிந்தன. விசாரணைக் குழு 2014இல் தந்த அறிக்கை, மதுவும் அக்கலவரத்தைப் பெரிதாக்கிய முக்கியக் காரணங்களுள் ஒன்று எனக் கண்டது. அடுத்த ஆண்டு மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பூங்கா, தெரு, குடியிருப்பின் கீழ்த்தளம் முதலிய பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. அந்நேரத்தில் கடையில் வாங்கிச் செல்லவும் இயலாது. லிட்டில் இந்தியா, கேலாங் ஆகிய இரு பகுதிகளிலோ சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை பொது இடத்தில் அருந்தவே கூடாது என்றது. மீறுவோருக்கு 1,000 வெள்ளி வரை அபராதம்.

என் தந்தையார் ஆறாண்டுகள் அங்கே கட்டட வேலை செய்தவர், மதுவைத் தொடாதவர். அவரிடம் இச்சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். “சட்டம் வந்த பிறகு அமைதிதான் அம்மா. ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஊர்க்காரரைப் பார்ப்போம். குடிக்கிறவனுக்கும் சரி, குடிக்காதவனுக்கும் சரி, உட்கார அந்தத் திடலை விட்டால் வேறு இடம் ஏது?” என்றார். இச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. சொந்த வீட்டின் மாடியில் அருந்துபவரை இவ்விதி தொடுவதில்லை, கூரையில்லாதவரையே தொடுகிறது. ஆகவே, தடுக்கும் அரசு அமர இடமும் தரவேண்டும். தொழிலாளர் விடுதிகளை அடுத்துப் பொழுதுபோக்கு மையங்களை அந்நாடு அமைத்தது இக்குறையை ஓரளவு போக்கும் எனலாம்.

வேதியியல் கூறுவது

நேரம் வகுப்பதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. மதுவிலுள்ள எத்தனாலைக் கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது பின்னர் அசெட்டிக் அமிலமாகிறது. சிறிதளவு குடித்தாலே அந்நொதி முழு அளவில் இயங்கத் தொடங்கிவிடும். அதன்பின் எவ்வளவு குடித்தாலும் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே சிதையும். நாம் பாடத்திற் படிக்கும் பூச்சிய வகை வினைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. காப்பியோ குளிர்ந்த நீரோ இவ்வேகத்தைக் கூட்டாது.

இனிக் கணக்கிடுவோம். குவாட்டர் எனப்படும் 180 மில்லி லிட்டர் பிராந்தியில் 42.8 விழுக்காடு எத்தனால் எனில், அது 77 மில்லி லிட்டர். எத்தனாலின் அடர்த்தி 0.789 ஆதலால் எடை சுமார் 61 கிராம். அது உடலை விட்டு நீங்க ஆறு மணி நேரத்திற்கும் மேலாகும். 2016 மே மாதம் முதல் மதுக்கடைகள் காலை 10 மணிக்குப் பதிலாகப் பகல் 12 மணிக்குத் திறக்கின்றன. பகல் ஒரு மணிக்குக் குடித்தவரின் குருதியில், நான்கு மணிக்குச் சிறார் பந்தோடு வரும்போதும் பாதிக்கு மேற்பட்ட மது மீந்திருக்கும்.

நம் ஊர்ப் பூங்கா

எங்கள் பூங்கா காலை 5 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் திறந்திருக்கிறது. இடைப்பட்ட ஏழு மணி நேரம் பூட்டு. மதில் இடுப்பளவே ஆதலால் பூட்டு நல்லவர்களை மட்டுமே தடுக்கிறது! ஆளில்லாத அந்நேரத்தில்தான் மது அருந்துவோர் மதிலேறி உள்ளே வருகின்றனர். மாலையில் ஊஞ்சலடியில் கண்ணாடிச் சில்லுகள் கிடக்கின்றன. மக்கள் நிறைந்திருக்கும் காலையில் ஒருவரும் பாட்டிலைத் திறப்பதில்லை. பூட்டைவிட மக்கள் நடமாட்டமே சிறந்த காவல் என்பது இதனால் விளங்கும்.

ஆதலின் நான் முன்வைக்கும் கருத்துகள் இவை: பூங்காவைக் காலை 5 முதல் இரவு 8 வரை இடைவிடாது திறந்து வைத்தல், பகலுக்கு ஒரு காவலரையும் மாலைக்கு எரியும் விளக்குகளையும் தருதல், நேரத்தோடு மது பற்றிய விதியையும் அபராதத்தையும் வாயிற் பலகையில் எழுதுதல், சுமைதூக்குவோரும் கட்டட வேலையாட்களும் அமர நிழற்குடை அமைத்தல். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கிற்று. அது முறையாக நடக்கும் இடங்களில், எறியப்படும் பாட்டிலுக்கும் ஒரு விலை இருக்கும்; புல்வெளியில் சில்லுகள் குறையும்.

முடிவுரை

குடிப்பவரைப் பகைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருள் பலர் நம் தந்தையரும் தமையன்மாருமே. பொது இடம் என்பது பலருடைய வேளைகளைப் பகிர்ந்து வைத்திருக்கும் இடம். அப்பங்கீட்டைத் தெளிவாக எழுதி, எல்லோரும் படிக்கும் இடத்தில் மாட்டி, நாள்தோறும் நடத்திக் காட்டுவதே நல்ல விதி. வீட்டில் மேசையில்லாத மாணவிக்கு ஒரு சிமெண்டு இருக்கையும் அச்சமற்ற இரண்டு மணி நேரமும் கிடைக்குமாயின், அவ்வூரிலிருந்து இன்னும் பல பட்டதாரிகள் எழுவர் என்பது உறுதி.