சொறிநாய் என்று விரட்டலாமா?

கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்கையில் முடி உதிர்ந்த நாய் அருகில் வந்தால் 'சொறிநாய்' என்று கல்லெடுப்போம். நானும் எடுத்தவன்தான். எங்கள் வீட்டு நாய்க்கே சொறி வந்து, மகளின் கையிலும் தடிப்பு கண்டபோதுதான் விஷயம் புரிந்தது.

சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள். இவற்றில் இரு வகை முக்கியமானவை. சார்கோப்டிஸ் தோலைக் குடைந்து முட்டையிடும். காது ஓரத்திலும் முழங்கையிலும் கடும் அரிப்பு தரும். பிற நாய்களுக்குத் தொற்றும். மனிதருக்கும் சில நாள் அரிக்கும். ஆனால் நம் தோலில் பெருகாது. டெமோடெக்ஸ் மயிர்க்கால்களில் வாழ்வது. பால் குடிக்கும் குட்டிக்குத் தாயிடமிருந்து வரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் நோயாகும், மனிதருக்குத் தொற்றாது.

எந்த வகை என்று அறிய, மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் தடவாதீர்கள். நாய் நக்கினால் விஷம். ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். ஆனால் கோலி இன நாய்களுக்கு உயிராபத்தாகலாம். மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தவும் கூடாது. முட்டை வளர்ந்து அடுத்த தலைமுறையாக மூன்று வாரம் போதும்.

எங்கள் நாய்க்கு முடி வளர்ந்துவிட்டது. இப்போது கிழக்கேகோட்டையில் என் கை கல்லைத் தேடுவதில்லை.