‘வாரேன்னு சொன்னாவ’: அயற்கூற்றை வீட்டுப் பேச்சிலிருந்து கற்பித்தல்

“ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ.”

ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வரி புதியதல்ல. சிவப்பு மையால் ‘ஐ’ என்பதை ‘ஹி’ என்றும், ‘வில்’ என்பதை ‘வுட்’ என்றும், ‘டுமாரோ’ என்பதை ‘தி நெக்ஸ்ட் டே’ என்றும் திருத்துகிறோம். அடுத்த தேர்விலும் அதே வரி வருகிறது. மாணவர் விதிகளைப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த மாணவர் ஒரு மொழியின் வழக்கை முறையாகப் பின்பற்றியிருக்கிறார். அந்த மொழி தமிழ்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்லும்? “மாமா நாளைக்கு வாரேன்னு சொன்னாவ.” இதில் ‘வாரேன்’ என்பது மாமாவின் சொல். பிள்ளை அதை மாற்றவில்லை. ‘என்று’ என்பதன் பேச்சு வடிவமான ‘-ன்னு’வை ஒட்டி, மாமா சொன்னதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டது. வரப்போவது பிள்ளையா, மாமாவா என்ற குழப்பம் கேட்பவருக்கு வருவதில்லை. ‘என்று’ இருக்கும் இடத்தில் ‘தட்’ என்பதை வைத்தால் கிடைப்பதுதான் மேலே கண்ட பிழை.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ‘என்று’ வேறு, ‘தட்’ வேறு. ‘என்று’ சொன்னவரின் சொல்லை அப்படியே தாங்கும். ‘தட்’ வந்தால், எடுத்துச் சொல்பவர் தம் இடத்தில் நின்று பேச வேண்டும்.

தமிழ் வகுப்பில் படித்ததே

இந்த மாற்றம் மாணவருக்கு முற்றிலும் புதியதல்ல. தமிழ்ப் பாடத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று இரண்டையும் படித்திருக்கிறார்கள்.

“நான் நாளை வருவேன்” என்று மாமா கூறினார்.
தான் மறுநாள் வருவதாக மாமா கூறினார்.

‘நான்’ ‘தான்’ ஆகிறது. ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகிறது. இதே போக்கில் ‘இங்கே’ ‘அங்கே’ ஆகும். ‘இன்று’ ‘அன்று’ ஆகும். ஆங்கில அயற்கூற்றில் நடக்கும் இடப்பெயர், காலப்பெயர் மாற்றங்களும் இவையே. இந்த இரண்டு வரிகளையும் கரும்பலகையில் எழுதி, மாறிய சொற்களுக்கு மாணவர்களையே அடிக்கோடிடச் சொல்லலாம். ஆங்கில வாக்கியத்தை அதன் பிறகு எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டும். தமிழில் ‘தான்’ என்றால் சொன்னவர், ‘அவன்’ என்றால் இன்னொருவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் ‘ஹி’தான். குழப்பம் வரும் இடத்தில் ‘ஹி’க்குப் பதிலாக ஆளின் பெயரை எழுதப் பழக்குவோம்.

யார், எங்கே, எப்போது?

‘டுடே வந்தால் தட் டே, ஹியர் வந்தால் தேர்’ என்று பட்டியலாகக் கற்பிக்கும்போது, ஏன் மாற்றுகிறோம் என்பது மறைந்துவிடுகிறது. அந்தக் காரணத்தை நம் ஆறே காட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. அந்த நாளை நினைத்து வகுப்பில் ஒரு சூழலை அமைப்போம். ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒருவர் கைப்பேசியில் சொல்கிறார்: “இங்கே ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. இன்று இரவு இன்னும் கூடும்.” இதை ஸ்ரீவைகுண்டத்தில் உள்ள ஒருவர் திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னால் என்ன ஆகும்? ‘இங்கே’ என்பது ஸ்ரீவைகுண்டம் ஆகிவிடும். ‘இன்று இரவு’ திங்கள் இரவு ஆகிவிடும். வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அவர் இருந்துவிடக்கூடும்.

சரியாகச் சொன்னால் இப்படி இருக்கும்: அங்கே ஆற்றில் தண்ணீர் ஏறுவதாகவும், அன்றிரவு இன்னும் கூடும் என்றும் அம்பாசமுத்திரத்தில் இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை சொன்னார். யார், எங்கே, எப்போது சொன்னார் என்ற மூன்றும் இதில் தெளிவாக இருக்கின்றன. மாற்றத்தின் பயன் அதுவே.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். சொன்ன அன்றே, சொன்ன இடத்திலேயே எடுத்துச் சொன்னால் ‘டுடே’, ‘ஹியர்’ ஆகியவற்றை மாற்றத் தேவையில்லை. தேர்வுக் கேள்வியில் சூழல் தராதபோது வழக்கமான மாற்றத்தைச் செய்கிறோம். அவ்வளவே.

புதிதாகக் கற்க வேண்டியது கால மாற்றம்

தமிழ் கைகொடுக்காத இடம் வினையின் காலம். “படிக்கிறேன்” என்றாலும் “படிப்பேன்” என்றாலும் தமிழ் அயற்கூற்றில் ‘படிப்பதாகக் கூறினாள்’ என்று வரலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது: ‘ஷி செட் தட் ஷி வாஸ் ரீடிங்’, ‘ஷி செட் தட் ஷி வுட் ரீட்’. “படித்தேன்” என்பது ‘படித்ததாக’ ஆகும். ஆங்கிலத்தில் ‘ஹேட் ரெட்’ ஆகும்.

‘செட்’ என்பது இறந்தகாலத்தில் இருப்பதால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னே போகிறது. ஆம், இஸ் இரண்டும் வாஸ். ஆர் என்பது வேர். வில் என்பது வுட். கேன் என்பது குட். ஹேவ் என்பது ஹேட். ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கே ஒதுக்கலாம். மற்றவை தமிழிலேயே தெரிந்தவை என்பதால் அந்த நேரம் நமக்குக் கிடைக்கும்.

பின்னே போகாத இடங்களும் உண்டு. ‘சேஸ்’ என்று நிகழ்காலத்தில் வந்தால் காலம் மாறாது. “தாமிரபரணி பொதிகை மலையில் பிறக்கிறது” என்று ஆசிரியர் கூறியதை எழுதும்போதும் உள்வினையை நிகழ்காலத்திலேயே வைக்கலாம். ஆறு இன்றும் அங்கேதான் பிறக்கிறது.

வினாவும் கட்டளையும்

“எங்கே போகிறாய்?” என்று கேட்டதை எழுதச் சொன்னால், ‘ஹி ஆஸ்க்ட் மி வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று எழுதுவார்கள். தமிழில் வினாவுக்கென்று சொல் வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் வினாவாகும்போது வரிசை மாறுகிறது; அயற்கூற்றில் பழைய வரிசைக்கே திரும்புகிறது: ‘வேர் ஐ வாஸ் கோயிங்’.

ஆம், இல்லை என்று விடை வரும் வினாக்களில் தமிழின் ‘ஆ’ உதவும். ‘வருவானா என்று கேட்டார்’ என்பதில் உள்ள ‘ஆ’வின் வேலையை ஆங்கிலத்தில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ செய்கிறது.

கட்டளை எல்லாவற்றிலும் எளிது. “டீச்சர் ஒங்கள வரச் சொன்னாவ” என்று அம்மாவிடம் சொல்லும் பிள்ளைக்கு ‘டு கம்’ ஏற்கெனவே தெரியும். ‘வர’ என்பதன் இடத்தில் ‘டு கம்’. ‘வர வேண்டாம்’ என்றால் ‘நாட் டு கம்’. இங்கே ‘தட்’டும் இல்லை, கால மாற்றமும் இல்லை. எனவே பாடத்தைக் கட்டளை வாக்கியத்தில் தொடங்குவது நல்லது.

எந்த வினையைத் தேர்வது?

1908ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் ஆற்றிய உரைகளுக்காக, திருநெல்வேலியில் ஆங்கிலேய நீதிபதி பின்ஹே முன்னிலையில் வழக்கு நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 7 அன்று வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனையும் சிவாவுக்கு 10 ஆண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. ஒருவர் பேச்சை இன்னொருவர் எடுத்துரைப்பது எவ்வளவு பொறுப்பான செயல் என்பதை மாணவருக்கு உணர்த்த இந்த வழக்கை நினைவூட்டலாம். பிறகு ஒரே வாக்கியத்தை ‘டோல்ட்’, ‘அட்வைஸ்ட்’, ‘வார்ன்ட்’, ‘ஆர்டர்ட்’ என்று நான்கு வினைகளில் எழுதச் செய்து, பொருள் எப்படி மாறுகிறது என்று கேட்போம்.

வகுப்பறைச் செயல்பாடு

நான்கு மாணவர்களை வரிசையாக நிறுத்துங்கள். அவர்கள் பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம். பாபநாசம் ஒரு செய்தியைச் சொல்லட்டும். ஒவ்வொருவரும் அதைக் கேட்டு அடுத்தவரிடம் தம் இடத்தில் நின்று, ஒரு நாள் கழித்துச் சொல்வதாகச் சொல்லட்டும். முதல் சுற்று தமிழில், இரண்டாம் சுற்று ஆங்கிலத்தில். ஸ்ரீவைகுண்டம் தான் கேட்டதைக் கரும்பலகையில் எழுதட்டும். எங்கே, எந்த நாளில் தண்ணீர் ஏறியது என்பது அந்த வரியிலிருந்து வகுப்புக்கு விளங்குகிறதா என்று பாருங்கள். விளங்கினால் பாடம் சேர்ந்துவிட்டது. விளங்காவிட்டால், எந்த ஊரில் எந்தச் சொல் மாறாமல் போனது என்று மாணவர்களே திரும்பிப் போய்த் தேடட்டும்.