கசிவை அடைத்தல்

நுழையும்முன்
இணையத்தோடு இணைந்த பொருளைத் துடைத்து வைத்தால் மட்டும் போதாது. அதன் உள்ளிருக்கும் நிரலையும் பேணுதல் வேண்டும்.

கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆற்றின் நீரை மலையடிவாரத்தில் கோமுகி அணை தேக்குகிறது. அணையாயினும் ஏரியாயினும், கரையில் சிறு கசிவு தெரிந்தால் அன்றே அடைப்பது அறிவுடைமை. அடைக்காவிடில் ஊருக்கே கேடு. வீட்டில் பாட்டு ஒலிக்கும் இணைய ஒலிபெருக்கிக்கும் இது பொருந்தும். அதுவும் ஒரு சிறு கணினியே. அதனை இயக்கும் நிரலுக்கு 'நிலைப்பொருள்' என்று பெயர். அந்நிரலில் பின்னாளில் கண்டறியப்படும் பிழைகளே கசிவுகள். அவற்றை அடைக்க நிறுவனம் அனுப்புவதே பாதுகாப்புப் புதுப்பிப்பு.

கடவுச்சொல்லை மாற்றாமையும் ஒரு கசிவே. 2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடு இருந்த கேமராக்களையும் திசைவிகளையும் கைப்பற்றியது. அவற்றின் வழியே அக்டோபர் 21 அன்று நிகழ்ந்த தாக்குதலால், ட்விட்டர் முதலிய தளங்களைப் பலரால் அணுக இயலவில்லை. இவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவி வழக்கம்போலவே இயங்கக்கூடும். ஆதலால் உரிமையாளர் ஐயுறுவதில்லை. தம் வீட்டுக் கவனக்குறைவு பிறர் வாயிலை அடைக்கிறது.

ஆகவே, கருவியை இணைத்தவுடன் கடவுச்சொல்லை மாற்றுக. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைக்க. புதுப்பிக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்காதிருக்க; பாதியில் நின்றால் கருவி பழுதாகக்கூடும். புதுப்பிப்பு நின்றுபோன கருவியை இணையத்திலிருந்து விலக்குக.

தெரியுமா?
பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடப்பில் உள்ளது.

சிந்தனை வினா
கருவி வாங்கும்போது விலையோடு வேறு எதனைக் கேட்டறிய வேண்டும்? ஏன்?