சரியையும் மனத்தெளிவும்

ஞானமே முடிந்த நெறியாதலின், மெய்வருந்திச் செய்யுந் தொண்டு தொடக்கத்தார்க்கே உரியதெனச் சிலர் கருதுவர். அதனை ஈண்டு ஆராய்வாம்.

உடலும் மனமும் வேறாயினும், இரண்டும் மாயையின் காரியங்களே. உயிரின் அறியாமை நீங்குதற்பொருட்டு இறைவன் தந்த கருவிகள். ஆகவே ஒன்று சோம்பியவழி மற்றொன்றும் மடியும். வளர்ந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம்வரை மிதமாக உடலை இயக்குதல் வேண்டுமென்றும், அதனால் மனச்சோர்வும் பதற்றமுங் குறையுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியதும் இதனோடு இயையும்.

இந்நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரிக்காக மண்ணகழ்வன பேரியந்திரங்கள். அவற்றை நடத்துவோர் இருந்தபடியே தொழில் செய்வர். இதற்கு அணித்தாய திருவதிகையிலோ, திலகவதியார் திருவலகுந் திருமெழுக்கும் இயற்றினார். அவர்தம் தம்பியார் நாவுக்கரசர், சூலை தீர்ந்து அருள்பெற்ற பின்னரும் உழவாரத்தைக் கைவிட்டிலர். திருப்புகலூரில் முதுமையினும் அப்பணி புரிந்தார். ஆங்குத் தோன்றிய பொன்னையும் மணியையும் பருக்கைக் கல்லோடொப்ப வாவியில் எறிந்தார் என்பது பெரியபுராணம். கை பணியில் நின்றது. மனம் திரிபின்றி நின்றது.

அற்றேல், உடற்பயிற்சியே மலத்தை நீக்குமோவெனின், நீக்காது. அது சோர்வைத் தணிக்கும். யான் செய்தேனென்னுஞ் செருக்கு எஞ்சும். அவ்வுழைப்பே இறைபணியாயவழித் தாதமார்க்கமாகிய சரியையாம். செருக்குத் தேய்ந்து மலபரிபாகத்திற்கு வழியாம்.

ஆதலின் திருமடங்களிற் பயிலும் இளைஞர் ஏட்டோடு அலகும் ஏந்துவாராக. மனநோய் முதிர்ந்தார்க்கு மருத்துவரை விலக்கற்க. பணி அதற்குத் துணையேயன்றிப் பகையன்று என்க.

சிவம்.