நரம்பு கரண்டு கம்பி அல்ல

நம்பிக்கை: நரம்பு என்பது உடம்புக்குள் ஓடும் கரண்டு கம்பி.

உண்மை: நரம்பில் மின்சாரம் உண்டு என்பது வரை சரி. ஆனால், அது ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை பாய்வதில்லை. நரம்பணுவின் சவ்வில் நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. தூண்டிய இடத்தில் அவை திறந்ததும் வெளியிலிருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே புகுகின்றன. அந்த மாற்றம் அடுத்த வாயில்களைத் திறக்கிறது. ஆக்சான் என்னும் நீண்ட இழை நெடுகிலும் இப்படித்தான் சேதி நகர்கிறது. மயலின் உறை போர்த்திய தடித்த இழையில் நொடிக்குச் சுமார் 120 மீட்டர் வரை போகும். உறையில்லாத மெல்லிய இழையில் 2 மீட்டரே அதிகம். கால்விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்றும், சற்றுப் பொறுத்து விண்விண் என்றும் வலிப்பது இந்த வேக வித்தியாசத்தால்தான்.

நம்பிக்கை: நரம்பணுக்கள் எல்லாம் ஒட்டிப் பின்னிய ஒரே வலை.

உண்மை: இதை நம்பியவர் சாமானியர் அல்ல, நரம்பணுவுக்குக் கறுப்புச் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்த இத்தாலியர் கமில்லோ கோல்கி. அதே சாயத்தைப் பயன்படுத்திப் பார்த்த ஸ்பெயினின் ரமோன் இ கஹால், ஒவ்வோர் அணுவும் தனித்தனி என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். கோல்கியோ பரிசு உரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார்! பிற்பாடு எலக்ட்ரான் நுண்ணோக்கி கஹால் பக்கம் சாட்சி சொன்னது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. (நேரடியாக இணைந்த சில நரம்பணுக்களும் உண்டு; கோல்கிக்கு அது ஆறுதல்.)

இடைவெளியைத் தாண்டுவது பெரும்பாலும் மின்சாரம் அல்ல, ரசாயனம். 1921இல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை இன்னோர் இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாகியது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின்.

நம்பிக்கை: பூச்சிமருந்து அடித்தபின் வரும் கிறுகிறுப்பு வெறும் வாடை, மோர் குடித்தால் தெளிந்துவிடும்.

உண்மை: வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குவதால் எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். முற்றினால் மூச்சுத் தசைகளே ஓய்ந்துவிடும். மோருக்கு இங்கே வேலையில்லை. உடுப்பைக் களைந்து, தோலை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து டப்பாவையும் எடுத்துப் போங்கள். அட்ரோபின் ஊசி தேவையா என்று டாக்டர் முடிவெடுக்க அது உதவும்.